டீச்சரின் குரலில் விற்ற மருந்து

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், திக்குகிறவர்கள் என்று வருகிறவர்களைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, நாக்கை எங்கே தொட வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எக்ஸ்ரே அறைக்கும் சலவைத் துணி அடுக்கும் அறைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஒரு சின்ன அறை அவளுடையது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் சோப்புத்தூள் வாசனை நிற்கும்.

அவள் குரல் நல்ல குரல். இனிமை என்று சொல்ல முடியாது, தெளிவு. அதட்டாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். சின்ன வயதில் கண்ணில் படுகிற பலகை, பொட்டலக் காகிதம் எல்லாவற்றையும் சத்தம் போட்டு வாசிப்பாளாம். வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்றே பேர்.

அவள் தம்பிக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. 'ஓசி'. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. ஆனால் அவன் உயிர் முழுக்கக் கட்டற்ற மென்பொருளில்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று, அதை எழுதின மூலநிரலோடு பொதுவில் வைக்கிற மென்பொருள். கல்யாண வீடு, சலூன், பல் டாக்டரின் வரிசை, எங்கே உட்கார்ந்தாலும் அவனுக்கு இந்தப் பேச்சுதான். "காசு கொடுத்து வாங்கின மென்பொருளைக்கூட அடுத்தவங்களுக்குக் கொடுக்கத் திருடன் மாதிரி பயப்படறீங்க. இதைப் பாருங்க, சட்டப்படி உங்களுது" என்பான். கேட்கிறவர்கள், "அப்போ ஓசியா?" என்பார்கள். "ஓசி இல்லீங்க, சுதந்திரம்" என்று அவன் பல்லைக் கடிப்பான். சொந்தக்காரர்கள் சுதந்திரத்தை விட்டுவிட்டு ஓசியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அவன் அக்காவிடம் வந்து நின்றான். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரில் உள்ளதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதில் நம் மொழிக்கு இருக்கிற குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி இருக்கிறது, நீ பேசிக்கொடு என்றான். அவள் உடனே சரி என்றாள். துணி அலமாரியைக் காலிசெய்து, சுற்றிலும் மெத்தையையும் போர்வையையும் தொங்கவிட்டு, அதற்குள் அவளை உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசிப்பாள். தலையும் வாலும் இல்லாத வாக்கியங்கள். அதிலிருந்து ஒலிகளைப் பழகிக்கொண்டால், எதை எழுதிக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் அவள் குரலில் பேசிவிடுமாம். "ஏழு கிழவர்கள் மழையில் நனைந்த பழத்தைக் கழுவினார்கள்." "மாவட்ட ஆட்சியரின் தொப்பி எங்கே?" வாசித்தது மாதக்கணக்கில் போயிற்று.

எல்லாம் முடிந்ததும் ஒரு உரிமக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினான். "யார் வேணும்னாலும், எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு அர்த்தம்க்கா."

"நல்லதுக்குத்தானேடா?"

"பின்ன?" என்றான்.

அந்தக் குரலைத் தூக்கிக்கொண்டு ஓசி ஏறாத படி இல்லை. நூலகம், வங்கி, பஸ் நிர்வாகம் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "எந்தக் கம்பெனி?" கம்பெனி இல்லை என்றால், "அப்போ கெட்டுப்போச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கிறது?" விலை இல்லை என்றால் முகம் இன்னும் சுருங்கும். ஒரு அதிகாரி மேஜையில் இருந்த டம்ளரை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சும்மா கொடுக்கிறதுல என்னமோ இருக்கு. அது என்னன்னு நீங்க சொல்ல மாட்டேங்கறீங்க."

இந்தக் கதையெல்லாம் ஒரு கம்பெனி உள்ளே வரும் வரைக்கும்தான். அவர்கள் பொதுவில் கிடந்த அந்தக் குரலை அப்படியே எடுத்து, ஒரு பளபளப்பான பேர் வைத்து, கோட்டு போட்ட ஆட்களிடம் கொடுத்து அனுப்பினார்கள். சும்மா கொடுத்தபோது சந்தேகப்பட்ட அதே அதிகாரி, விலை போட்டு வந்ததும் எழுந்து நின்று கை குலுக்கினாராம். ஒரு வருஷத்துக்குள் ஊர் முழுக்க அவள் குரல். வங்கியில் டோக்கன் எண் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் அடுத்த வண்டி எது என்றாள். ஆஸ்பத்திரி லிப்டிலும் ஒருநாள், "கதவு மூடுகிறது" என்று அவளே அவளுக்குச் சொன்னாள். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

நில அளவை இலாகாவில் இருந்த அவள் கணவன்தான் அலுத்துக்கொண்டான். "வீட்லயும் நீ, பேங்க்லயும் நீ, பஸ் ஸ்டாப்லயும் நீ. நான் எங்கடி போறது?"

ஓசிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஜெயிச்சுட்டோம்க்கா. அவங்க பேரைப் போட்டுக்கட்டும், வித்துக்கட்டும். உள்ள ஓடறது நம்ம நிரல். ஜனங்க தெரியாமயே சுதந்திரத்தைப் பயன்படுத்தறாங்க."

"தெரியாமப் பயன்படுத்தினா அதுல என்னடா பெருமை?"

"தெரிய வெப்போம்க்கா. விழா எடுக்கிறோம்" என்றான்.

இந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் வராமல் போனார்.

பஸ் பணிமனையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர் அவர். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. மனைவி ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவாள். முதல் மாதம் ஊமையாக உட்கார்ந்திருந்தவர் மெல்ல மெல்ல 'அ' சொன்னார், 'த' சொன்னார். ஒருநாள் தாகம் எடுத்து, யாரும் கேட்காமலே "தண்" என்றார். டீச்சர் தண்ணீரை எடுத்துக் கொடுக்கிறபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தூரம் வந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் டீச்சர் முகவரியைத் தேடிக்கொண்டு நேரிலேயே போனாள். சைக்கிள் கடைக்கு மேலே மாடி வீடு. படி ஏறும்போதே ஒரு வாடை வந்தது. ஷூ பாலிஷில் சர்க்கரைப் பாகைக் கொட்டிக் கிளறின மாதிரி, மூக்கில் ஒட்டிக்கொள்கிற வாடை. கதவைத் திறந்த மெக்கானிக்கின் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க டீச்சரம்மா, வாங்க! நீங்களே வீடு தேடி வந்துட்டீங்களே. நீங்க சொன்ன மாதிரியே ஒரு வேளை தவறாமக் கொடுக்கிறேன்."

"எதைக் கொடுக்கிறீங்க?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? மருந்தைத்தான்."

ஜன்னல் ஓரத்தில் வரிசையாகப் பழுப்பு நிறப் பாட்டில்கள். மேலே 'வாக்கமுதம்' என்று எழுதி, திறந்த வாயிலிருந்து சூரியன் உதிக்கிற மாதிரி ஒரு படம். பக்கத்து நாற்காலியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். வாயின் வலது பக்கம் முன்னைவிடத் தொங்கிப்போயிருந்தது. சட்டையின் கழுத்தில் பழுப்புக் கறை. டீச்சர் குனிந்து, "என்னங்க, எப்படி இருக்கீங்க?" என்றாள்.

அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார்.

"இப்படித்தான் டீச்சரம்மா பண்றாரு. உங்க போன் வந்தாலே இப்படித்தான். மருந்து கசக்குதுல்ல, அதான்."

"நான் போன் பண்ணினப்போ நீங்க எடுக்கவே இல்லையே."

"எடுக்காமலா? தினமும் பேசறோமே. நீங்க பேசறது அவருக்கும் கேக்கட்டும்னு சத்தமா வெச்சுடுவேன். வேற புது நம்பர் எதையும் எடுக்கிறதில்ல. நீங்கதானே எடுக்க வேணாம்னீங்க?" என்றாள் அந்த அம்மாள். டீச்சருக்கு எதுவும் பிடிபடாததைப் பார்த்து, போனில் பதிவாகியிருந்ததை எடுத்துப் போட்டுக் காட்டினாள்.

"வணக்கம். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன். பேச்சு போய்விட்டதே என்று கவலையா? இனி அலைய வேண்டாம். பயிற்சி வேண்டாம். மாத்திரையை நிறுத்துங்கள், மாத்திரைதான் நாக்கைக் கட்டிப்போடுகிறது. வாக்கமுதம் போதும். மற்ற எண்களிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், போலிகள் ஜாக்கிரதை. வாழ்த்துகள்."

அது டீச்சரின் குரல். காற்புள்ளி வருகிற இடத்தில் அவள் இழுக்கிற அதே குட்டி மூச்சு. 'வாழ்த்துகள்' என்பதில் அவளே நாக்கை மடித்துச் சொன்ன அதே ழகரம். அலமாரிக்குள் போர்வை நடுவில் வியர்வை வழிய உட்கார்ந்து, கண் தெரியாத யாரோ ஒரு பிள்ளைக்கு என்று நினைத்து வாசித்த குரல். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. "மாத்திரையை நிறுத்திட்டீங்களா? பிரஷர் மாத்திரையை?"

"நீங்கதானே..." என்று ஆரம்பித்த அந்த அம்மாள், டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

கீழே சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக மெக்கானிக்கை நாற்காலியோடு இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவர் பயப்படுவார் என்று தெரிந்துவிட்டது. சேர்த்துக்கொண்ட டாக்டர், ரத்த அழுத்தம் எகிறிக்கிடக்கிறது, நடுவில் சின்னதாக இன்னொரு பக்கவாதமும் வந்து போயிருக்கிறது, பிழைத்ததே பெரிசு என்றார். சேர்த்துவைத்திருந்த எழுத்தெல்லாம் போயிருந்தது. 'அ'வும் இல்லை, 'தண்'ணும் இல்லை. மனைவி தாழ்வாரத்துத் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "நான் உங்களை நம்பினேன் டீச்சரம்மா, உங்க வாயால சொன்னதுன்னு நம்பினேன்." அது தன் வாய் இல்லை என்று டீச்சர் எப்படிச் சொல்வாள்? வாய் அவளுடையதுதான்.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள். பல் தேய்த்தாள். மறுபடி கொப்பளித்தாள். கணவன் பயந்துபோய், "என்ன, ஏதாவது தின்னியா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். பேசப் பிடிக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பாட்டில் வாடை அடித்தது.

அடுத்த நாள் சாயங்காலம் ஓசியின் வீட்டுக்குப் போனாள். முன்னறை முழுக்க விழாவுக்கான சாமான்கள். 'கட்டற்ற மென்பொருள்: எல்லாருக்கும், எல்லாவற்றுக்கும்' என்று அச்சடித்த துணிப் பதாகை சோபாமேல் கிடந்தது. அவள் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னாள். அவன் முகம் தொங்கியது, ஆனால் ஆச்சரியப்படவில்லை. அதை அவள் கவனித்துவிட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

அவன் பதாகையை மடித்தான், விரித்தான்.

"கேக்கறேன்ல?"

"தெரியும்க்கா. ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தாங்க, இந்த மாதிரி கால் வருதுன்னு."

"நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்ண முடியும்? உரிமம் அப்படி. இவன் பயன்படுத்தலாம், அவன் பயன்படுத்தக் கூடாதுன்னு நாம கோடு போட ஆரம்பிச்சா அது கட்டற்ற மென்பொருளே இல்லக்கா. இன்னைக்கு மருந்துக்காரன் கூடாதும்போம், நாளைக்கு எவனோ வந்து எதிர்க்கட்சிக்காரன் கூடாதும்பான். கத்தியைச் செஞ்சவனை யாரும் பிடிக்கிறதில்ல."

"கத்தின்னா பரவாயில்லடா. இது என் நாக்கு."

"அக்கா, ஒண்ணு ரெண்டு பேர் இப்படித் தப்பாப் பண்றதுக்காக..."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அவங்களை விடு, உரிமத்தை விடு. தெரிஞ்ச அன்னைக்கே ஒரு போன் போட்டு, 'அக்கா, உன் குரல்ல இப்படி ஒரு அசிங்கம் நடக்குது, உன்கிட்ட வர்றவங்க கிட்டச் சொல்லி வை'ன்னு சொல்ல எந்த உரிமம்டா குறுக்க நின்னுச்சு?"

அவன் முணுமுணுத்தான்: "விழா முடியட்டும்னு பார்த்தேன். இப்போதான் ஜனங்க நம்மளைத் திரும்பிப் பார்க்கிறாங்க. இந்த நேரத்துல பேர் கெட்டா..."

டீச்சருக்குத் தம்பியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அலமாரிக்குள் அவளுக்கு விசிறிவிட்டுக்கொண்டே, "இன்னும் நாலு வரிதான்க்கா" என்று கெஞ்சினவன் இவன்தானா? "விழாவுக்கு வர்றேன்" என்றாள். அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

விழா நடந்த மண்டபத்தில் கூட்டம் நிறையவே இருந்தது. வாசலில் ஸ்டிக்கர், டீ, பிஸ்கட். உள்ளே மேடையின் பின்னால் பெரிய திரை. அதில் கட்டற்ற மென்பொருள் என்ற எழுத்துக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், அவள் குரலுக்குப் பேர் மாற்றி விற்ற கம்பெனியின் பேர் இருந்தது. மண்டபச் செலவு அவர்களுடையதாம். கம்பெனியின் மேலாளர் முன்வரிசையில் இருந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, பேசுகிறபோதெல்லாம் எதிரில் இருப்பவரின் தோளைத் தட்டுகிற பழக்கம்.

மேலாளர்தான் முதலில் பேசினார். "எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருஷம் பாடுபட்டு உருவாக்கிய குரல்" என்றார். மேடை ஓரத்தில் நின்ற ஓசி அதைக் கேட்டுக்கொண்டு கையைத் தட்டினான். பிறகு மேலாளரே, "அந்தக் குரலுக்குச் சொந்தக்காரம்மா இங்கேயே இருக்காங்க! ஒரு வார்த்தை பேசுங்க மேடம், ஜனங்க கண்ணால பார்க்கட்டும்" என்று மைக்கை நீட்டினார்.

டீச்சர் மேடை ஏறினாள். வணக்கம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கே கூட்டம் "ஆ" என்றது. யாரோ ஒருவர், "கதவு மூடுகிறது!" என்று கத்தினார். சிரிப்பு. சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன். பேச்சு போய்விட்டதே என்று கவலையா? இனி அலைய வேண்டாம். மாத்திரையை நிறுத்துங்கள்."

முன்வரிசைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன, ஏதோ வேடிக்கை என்று. பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யார் யார் வீட்டுக்கு வந்துச்சு? கையைத் தூக்குங்க" என்றாள்.

ஒரு கை. பிறகு இரண்டு. பிறகு அங்கங்கே கை முளைத்துக்கொண்டே போயிற்று. ஒரு பெண் எழுந்து, "எங்கப்பாவுக்கு வந்துச்சு, ரெண்டு பாட்டில் குடிச்சாரு" என்றாள். மேலாளர் மேடைக்குத் தாவி வந்து டீச்சரின் தோளைத் தட்ட வந்தார். அவள் விலகிக்கொண்டாள். "மேடம், அது எங்க கஸ்டமர் செய்யறது. நாங்க குரல் மட்டும்தான் கொடுக்கிறோம். இன்னைக்கு நல்ல நாள், இதெல்லாம் அப்புறம்..." என்றார். மைக் செத்துப்போயிற்று. யாரோ பின்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

மைக்கை நம்பிப் பிழைக்கிறவள் இல்லை அவள். மெக்கானிக்கின் கதையை வெறும் தொண்டையில், முதல் எழுத்திலிருந்து கடைசிப் பாட்டில் வரை சொன்னாள். "இந்தக் குரலை எந்த ஆராய்ச்சிக்கூடமும் செய்யல. என் வீட்டுத் துணி அலமாரியில வெச்சு நானும் என் தம்பியும் செஞ்சோம். யாருக்கு வேணும்னாலும் கொடுத்தோம். கொடுத்ததுக்கு வருத்தம் இல்ல. வாங்கினவன் ஒருத்தனுக்காவது இது ஒரு மனுஷியோட வாய்னு தோணலையே, அதை நினைச்சாத்தான் குமட்டுது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? கை தட்டினார்கள். நல்ல நாடகம் பார்த்த மாதிரி தட்டிவிட்டு, டீக்கு எழுந்தார்கள். பிஸ்கட் தட்டருகே ஒருவர் அவளை மறித்து, "மேடம், என் பையனுக்காக அந்த லிப்ட் டயலாக் ஒரே ஒரு தடவை" என்று போனை நீட்டினார். அவர் வாயோரம் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. இன்னொருவர், "அந்த மருந்து நிஜமாவே வேலை செய்யாதா?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். டீச்சர் யாருக்கும் பதில் சொல்லாமல் வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் கைத்தடியோடு ஒரு பெண் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். கறுப்புக் கண்ணாடி. "காலடிச் சத்தத்திலேயே கோபம் தெரியுது. நீங்கதானே?" என்றாள். "நான் வக்கீல். சட்டப் புத்தகம் பூராவும் உங்க குரல்லதான் படிச்சேன். மூணு மடங்கு வேகத்துல ஓட விடுவேன், அதனால நேர்ல நீங்க பேசறது எனக்குத் தூங்கி வழியற மாதிரி இருக்கு, தப்பா நினைக்காதீங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "நன்றி சொல்ல வந்தீங்களா?"

"இல்ல. நன்றி சொன்னா இப்போ உங்களுக்கு எரிச்சல்தான் வரும். ஒண்ணு கேக்க வந்தேன். உங்க தம்பி, உரிமம் உரிமம்னு சொல்லியிருப்பாரே?"

"ஆமா."

"குரலை எடுத்துக்கத்தான் அந்த உரிமம். ஆஸ்பத்திரின்னு பொய் சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்றதுக்கு எந்த உரிமமும் கிடையாது. அது மோசடி. குரல் ஓசியா காசாங்கிறது போலீசுக்கு அவசியமே இல்ல. மெக்கானிக் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு என் ஆபீசுக்கு வாங்க."

போனார்கள். புகார் எழுதினார்கள். போலீஸ் நிலையத்தில் எழுத்தர், "குரல் உங்களோடதுங்கறீங்க, பேசினது நீங்க இல்லேங்கறீங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஓசி உள்ளே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. சவரம் செய்யாத முகம். குரல் எப்படிச் செய்யப்பட்டது, எழுதிக் கொடுத்தால் இயந்திரம் எப்படிப் பேசும், அந்த அழைப்புகள் எந்த வழியாக வந்திருக்கும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். போலீஸ் கூப்பிட்டனுப்பியதும் மேலாளரின் தோள் தட்டுகிற கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. கஸ்டமரின் பேரையும் முகவரியையும் முதல் கேள்வியிலேயே கக்கிவிட்டார். மருந்துக் கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். இரண்டு பேரைப் பிடித்தார்கள்.

ஆனால் மாதம் திரும்புவதற்குள் அதே பழுப்புப் பாட்டில் வேறு பேரில் கடைக்கு வந்தது. அதே வாயில் அதே சூரியன். இந்த முறை போனில் பேசியது ஒரு ஆண் குரல். அது எந்தப் பாவியின் தொண்டையோ என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

ஓசி ஒருநாள் வீட்டுக்கு வந்தான். அவள் அவனை முன்னறையைத் தாண்டி விடவில்லை. "குரலைப் பொதுவுலேருந்து எடுத்துடவாக்கா?" என்று கேட்டான். "எடுத்தாலும், ஏற்கெனவே எடுத்தவங்க கிட்ட இருக்கும். புதுசா வர்றவங்களுக்குத்தான் கிடைக்காது."

புதுசாக வருகிறவர்கள் என்றதும் அவளுக்கு அந்த வக்கீலின் ஞாபகம் வந்தது. "இருக்கட்டும். ஆனா குரலை வெச்சிருக்கிற தளத்தோட முதல் பக்கத்துல, கொட்டை எழுத்துல எழுதிப் போடு. இந்தக் குரல் போன்ல வந்து மருந்து சொன்னா நம்பாதீங்கன்னு. என் ஆஸ்பத்திரி நம்பரையும் போடு."

"போடறேன்க்கா. யாரும் படிக்க மாட்டாங்க."

"தெரியும். போடு."

அவன் போன பிறகு, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தள்ளிவைத்தாள். கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

மெக்கானிக்குக்கு மறுபடி பயிற்சி ஆரம்பித்தபோது அவள் வாயே திறக்கவில்லை. சைகையிலும் படத்திலும் கண்ணாடியிலும் வேலையை ஓட்டினாள். பேச்சு சொல்லித்தருகிறவள் ஊமையாக எத்தனை நாள் சொல்லித்தர முடியும்? அவர் உதட்டைக் குவித்தார், ஊதினார், சத்தம் மட்டும் வரவில்லை. ஒருநாள் அவளுக்கே பொறுக்கவில்லை. அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் வாய் அசைவதை அவர் பார்க்கிற மாதிரி நேராக உட்கார்ந்து, மெல்லச் சொன்னாள்: "நான்தான் பேசறேன். போன் இல்ல. என் வாயைப் பாருங்க."

அவர் கண்ணை மூடவில்லை. முறைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளுக்குள் எதையோ கட்டி இழுக்கிற மாதிரி நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து ஒரு எழுத்துகூட வராத அந்த வாயிலிருந்து, தெளிவாக, முழுசாக வந்தது:

"போடி சனியனே!"

பக்கத்தில் இருந்த மனைவி பதறி எழுந்து, "ஐயோ, என்னங்க இது! டீச்சரம்மாவைப் போய்..." என்று அவர் வாயைப் பொத்தப் போனாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். போன் வைத்து வைத்து இத்தனை நாளும் அவர் காதில் ஊற்றின குரலுக்கு அவர் சொல்ல வேண்டிய பதில்தான் அது, அதற்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை அவளுக்கே தோன்றவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"சரியாச் சொன்னீங்க" என்றாள். "எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க."